நாற்றம் இல்லை என்றவர்கள்

தங்கப்பொண்ணின் மூக்கைப் பற்றித் திருமங்கலத்துப் பக்கத்துப் பால்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கேன் மூடியை அவள் முழுசாகத் திறக்கக்கூட மாட்டாள். விரல்கடை அளவு தூக்கி, குனிந்து, ஒரே ஒரு இழுப்பு. "நேத்துச் சாயங்காலப் பாலக் காலைப் பாலோட கலந்திருக்கீக. கொண்டு போங்க" என்பாள். லாக்டோமீட்டரை மிதக்க விடுவதும் சோதனைக் குழாயில் கொதிக்க வைத்துப் பார்ப்பதும் அதற்கப்புறம்தான். மூக்கு சொன்னதைத்தான் குழாயும் சொல்லும். கிராமத்துச் சங்கங்களிலிருந்து பால் வந்து சேரும் குளிரூட்டும் நிலையத்தில் அவள் பதினான்கு வருஷமாகப் பரிசோதகர். அந்தப் பதினான்கு வருஷத்தில் அவள் மூக்கோடு வழக்குப் பேசி ஜெயித்தவர் எவருமில்லை.

அவள் பிறந்தது சமயநல்லூருக்கு மேற்கே. அப்பனும் ஆத்தாளும் பிறத்தியார் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பள்ளிக்கூடத்தில் அவள் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் இருந்த மற்றப் பிள்ளைகள் ஒரு சாண் தள்ளி உட்காருவார்கள். ஒருநாள் ஒருத்தி மூக்கைச் சுளித்தாள். தங்கப்பொண்ணு வீட்டுக்கு வந்து தன் கையை முகர்ந்தாள், பாவாடையை முகர்ந்தாள், தலைமயிரை முன்னால் இழுத்துப் போட்டு முகர்ந்தாள். சவுக்காரத்தின் வாசனை தவிர எதுவும் இல்லை. இல்லாத நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்பது அன்றைக்கு அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு வேளைக் குளியல், தினம் துவைத்த சேலை, நகக்கண்ணில் அழுக்கு இருந்தால் சோறு இறங்காது. புருஷன் சின்னக்கருப்பன் தனியார் பஸ் கம்பெனியில் செக்கர். வியர்வையும் டீசலுமாக வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே வாளித் தண்ணீர் காத்திருக்கும். அவன் அதைப் பற்றி முணுமுணுத்ததில்லை. வில்லாபுரத்தில் இரண்டு அறை வீடு. பிள்ளை இல்லை.

1983-ஆம் வருஷம் சித்திரையில், குளிக்கும்போது வலது மார்பில் ஒன்று தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருந்தது, வலியில்லை. வைகாசியில் அது கொஞ்சம் பெரிதானதுபோல் தோன்றியதும் அவள் லீவு போட்டுவிட்டு, புருஷனைக் கூட்டிக்கொண்டு டாக்டர் சீதாராமனின் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவர் வெளியூரில் பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு வந்து, மதுரையில் சொந்தமாக இருபது படுக்கை போட்டிருந்தவர். ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான்.

மார்பை எடுத்துவிட வேண்டும் என்பதை டாக்டர் அவளிடம் சொன்னார். எடுத்த இடத்தில், முதுகிலிருந்து சதையும் தோலும் திருப்பிக் கொண்டுவந்து மார்பு மாதிரியே ஒன்று அமைத்துவிடலாம் என்பதை அவள் புருஷனிடம் சொன்னார். சின்னக்கருப்பன் கையெழுத்துப் போட்டான்.

ஆடி மாதத்தில் ஆபரேஷன். கண் விழித்தபோது, வெட்டின இடத்தைவிட முதுகு அதிகமாக வலித்தது.

"முதுகுல ஏங்க வலிக்குது? அங்க என்ன பண்ணாங்க?"

சின்னக்கருப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அங்கேருந்து சதைய எடுத்து முன்னாடி வச்சிருக்காங்க. பாக்குறதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கும்னு டாக்டரு சொன்னாரு."

"எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"நீ பயந்துகிட்டுப் போயிருவேன்னு..."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். விலாவில் சொருகியிருந்த இரண்டு குழாய்களும் கட்டிலுக்கடியில் இருந்த பாட்டில்களில் சிவப்பாக எதையோ சொட்டிக்கொண்டிருந்தன. சொட்டும் சத்தம் கேட்டது. அது தனக்குள்ளிருந்து போகிறது என்று நினைத்ததும் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கட்டுப் பிரித்தபோது முதல்முறையாகப் பார்த்தாள். நெஞ்சில் ஒரு வட்டத் துண்டு, பழைய சட்டைக்கு வேறு துணியில் ஒட்டுப் போட்டதுபோல. முதுகுத் தோல் நெஞ்சுத் தோலைவிடக் கறுப்பு. சுற்றிலும் கறுப்பு நூல் தையல். "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் டாக்டர். கூட இருந்த நர்ஸும் தலையாட்டினாள். எதைப் பார்த்து நல்லா வந்திருக்கிறது என்கிறார்கள் என்று தங்கப்பொண்ணுக்கு விளங்கவில்லை. விரலால் அந்தத் துண்டை லேசாகத் தொட்டாள். முதுகில் யாரோ தொட்டதுபோல் இருந்தது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை.

ஐந்தாம் நாள் அந்தத் துண்டின் கீழ்விளிம்பு கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. ஏழாம் நாள் கருகின அப்பளம்போல் கறுத்து மொரமொரவென்று ஆனது. அன்றைக்குத்தான் நாற்றம் வந்தது. முதலில் அவள், பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் எலி செத்துக் கிடக்கிறது என்றுதான் நினைத்தாள். ஆயாவைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னாள். ஒச்சாயி என்று பெயர் அந்த ஆயாவுக்கு. வெற்றிலை குதப்பிய வாய், பெருத்த உடம்பு. முட்டி போட்டுக் கட்டிலுக்கடியில் பார்த்துவிட்டு எழுந்து, தங்கப்பொண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எலியெல்லாம் இல்ல தாயி" என்றாள்.

தங்கப்பொண்ணு குனிந்து தன் நெஞ்சை முகர்ந்தாள். அதன் பிறகு அன்று முழுவதும் அவள் வாயில் தண்ணீர்கூடப் படவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். ஓரத்துக்கு ரத்த ஓட்டம் சரியாகப் போகவில்லை, சில பேருக்கு இப்படி ஆகும், செத்ததை வெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். மயக்க மருந்து எதுவும் கொடுக்கவில்லை, தேவையும் இல்லை. கத்தரியின் சத்தம் தெளிவாகக் கேட்டது. சரக், சரக் என்று அட்டையை வெட்டுவது மாதிரி. வலி துளியும் இல்லை. வலித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. தன் உடம்பிலேயே ஒரு பகுதி பிணமாகி, அதை இன்னொருவர் நறுக்குவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதைப்போல் அருவருப்பான காரியம் வேறு எதுவுமில்லை. நறுக்கினதை நர்ஸ் ஒரு எனாமல் தட்டில் போட்டு அவள் கண்ணெதிரிலேயே தூக்கிக்கொண்டு போனாள்.

வெட்டின இடத்தில் உள்ளங்கைக் குழிபோல் ஒரு பள்ளம். அதற்குள் மருந்தில் நனைத்த நீளத் துணி நாடாவைத் திணித்து வைப்பார்கள். மறுநாள் அதை இழுத்து எடுத்துவிட்டுப் புதிது திணிப்பார்கள். காலையில் ஒருத்தி எடுப்பாள், சாயங்காலம் இன்னொருத்தி வைப்பாள். பயிற்சிக்கு வந்த பெண்கள் வேறு. யார் எத்தனை வைத்தார்கள், யார் எத்தனை எடுத்தார்கள் என்பதை ஒருவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. தங்கப்பொண்ணோ அந்த நேரமெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கிடப்பாள்.

இதற்கிடையில் பார்க்க வருகிறவர்கள். சின்னக்கருப்பனின் அக்கா மாயக்காள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, கட்டிலுக்கு ஆறடி தள்ளி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முந்தானை மூக்குக்குப் போனது.

"நாத்தம் அடிக்குதா மதினி?" என்று தங்கப்பொண்ணு கேட்டாள்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. சளி பிடிச்சிருக்கு எனக்கு." முந்தானை இறங்கவில்லை. துணிக்குள்ளிருந்தே மாயக்காள் பேசினாள். "பிள்ளைக்குக் குடுக்காத மாருன்னா இப்புடித்தான் உள்ளயே கட்டிக்கிருமாம். எங்க தெருவுல ஒரு பொம்பளைக்கும் இதேதான். நீ மனசத் தளரவிடாத."

கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போனாள். தங்கப்பொண்ணு அந்த வாழைப்பழத்தைத் தொடவில்லை. ஒச்சாயியைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

மற்றவர்களும் அப்படித்தான். வந்தவர்கள் எல்லாருக்கும் அந்த மாதம் சளி பிடித்திருந்தது. சின்னக்கருப்பன் கைக்குட்டையில் யூக்கலிப்டஸ் தைலம் நனைத்து வைத்திருந்தான். கேட்டால் தலைவலி என்றான். கையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வாயால் நாற்றம் இல்லை என்று சொல்கிறவர்களைப் பார்க்கிறபோது, புண்ணைப் பார்த்து வந்த குமட்டலைவிடப் பெரிய குமட்டல் வந்தது அவளுக்கு. ஒருநாள் உடம்பு துடைக்க வந்த ஒச்சாயியிடம் அதே கேள்வியைக் கேட்டாள்.

"நாத்தம் அடிக்குதா ஆயா?"

"அடிக்கத்தான் செய்யுது. புண்ணுன்னா மணக்கவா செய்யும்? கையத் தூக்கு, கக்கத்தத் தொடைக்கணும்."

ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று வாரத்தில் தங்கப்பொண்ணு அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதாள். ஒச்சாயி பாட்டுக்குத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆவணியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கக்கத்திலிருந்து எடுத்துப் பார்த்த கட்டிகள் எதிலும் புற்று இல்லை, கரண்டு என்கிற கதிர்வீச்சு வைக்க வேண்டியதில்லை என்றார்கள். அது நல்ல சேதி. ஆனால் முதுகில் சதை எடுத்த இடத்தில் நீர் கோத்துக்கொண்டது. திரும்பிப் படுத்தால் ரப்பர் பைக்குள் வெந்நீர் ஆடுவதுபோல் உள்ளே குலுங்கும். வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பெரிய ஊசியால் உறிஞ்சி எடுத்துக்கொண்டு வருவாள். விளக்கெண்ணெய் நிறத்தில், ஒரு டம்ளர் அளவு. கையைத் தூக்கும்போதெல்லாம் நெஞ்சில் வைத்த அந்த முதுகுச் சதை தானாகத் துள்ளியது. முதுகில் இருந்தபோது கையை இழுத்துப் பழகின சதை, இடம் மாறினாலும் பழைய வேலையை மறக்கவில்லை என்று டாக்டர் விளக்கம் சொன்னார். தலை சீவக் கையைத் தூக்கினால் ரவிக்கைக்குள் ஒரு தவளை குதிக்கும். சீப்பை வைத்துவிடுவாள்.

ஐப்பசியில் பள்ளம் மூடிக்கொண்டது. ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை மட்டும் மீதி. அதிலிருந்து மஞ்சளாக ஒரு கசிவு. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். நாற்றமும் நின்றபாடில்லை. முன்பு இருந்தது செத்த எலியின் நாற்றம் என்றால், இது வேறு. நாட்பட்ட ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டு மறந்துவிட்டதுபோல் ஒரு வாடை. மூக்கை வைத்துப் பிழைத்தவளுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

"டாக்டர், உள்ள ஏதோ இருக்கு. இது புண்ணு வாடை இல்ல" என்றாள்.

டாக்டர் சீதாராமன் அழுத்திப் பார்த்தார். "புண் ஆறிடுச்சும்மா. அது சின்ன கசிவு, தானா நின்னுடும். மாத்திரை எழுதித் தரேன்."

மாத்திரை மூன்று முறை மாறியது. நான்காவது முறை போனபோது அவர் பேனாவை மூடி வைத்தார். "இங்க பாருங்க, எனக்கு ஒரு வாடையும் தெரியல. நர்ஸுக்கும் தெரியல. பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் சில பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி ஒரு நினைப்பு வரும். மனசுல இருக்கிறது." அப்புறம் சின்னக்கருப்பன் பக்கம் திரும்பி, ஒரு மனநல டாக்டரின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவர் நாற்காலி வழக்கமான இடத்தைவிட ஒரு முழம் பின்னால் தள்ளியிருந்ததைத் தங்கப்பொண்ணு கவனித்தாள். ஜன்னலும் திறந்திருந்தது.

பஸ்ஸில் வரும்போது சின்னக்கருப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஒருதடவ அவரையும் போய்ப் பாத்துட்டு வந்துருவமா?"

"ஒங்களுக்கு நாத்தம் தெரியலையா?"

அவன் வெளியே பார்த்தான். "தெரியல தங்கம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை அடுத்த நிறுத்தத்தில் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள். இறங்குவதற்காக அல்ல.

தை பிறந்ததும் தங்கப்பொண்ணு வேலைக்குத் திரும்பினாள். வீட்டில் கிடந்து தன்னையே முகர்ந்துகொண்டிருப்பதைவிட அது மேல் என்று நினைத்தாள். முதல் நாள் காலை ஆறரை மணிக்கு வேன் வந்து நின்றது. முதல் கேனின் மூடியைத் தூக்கினாள். வாடை. "கொண்டு போங்க." இரண்டாவது கேன். வாடை. மூன்றாவது, நான்காவது. வரிசையாக ஏழு கேன்களைத் திருப்பிவிட்டாள். சங்கத்துப் பால்காரன் மொக்கையன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"எக்கா, இப்பக் கறந்த பாலுக்கா! நொரைகூட அடங்கல. எங்கிட்டு வாடை வருது ஒனக்கு?"

"நாறுது. எனக்குத் தெரியாதா?"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். ஏழு கேனிலிருந்தும் எடுத்துச் சோதனைக் குழாயில் கொதிக்க வைத்தார்கள். ஒன்றுகூடத் திரியவில்லை. ஏழும் நல்ல பால். மொக்கையன் எதுவும் சொல்லாமல் கேன்களை உள்ளே தூக்கி வைத்தான். அவளுக்கு நேரே வந்தபோது மட்டும் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது.

மேனேஜர் நல்ல மனிதர்தான். இன்னும் ஒரு மாதம் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். திரும்பி வரும்போது வேண்டுமானால் ஆபீசில் பதிவேடு பார்க்கும் வேலை தருவதாகவும் சொன்னார். அவமானத்தில் அவளுக்குக் காது அடைத்தது. ஆனால் பஸ்ஸுக்காக ரோட்டோரத்தில் நின்றபோது வேறொன்றும் உறைத்தது. ஏழு கேனிலும் ஒரே வாடை. பால் திரிந்தால் கேனுக்குக் கேன் வாடை மாறும். ஒரே வாடை என்றால், அது கேனிலிருந்து வரவில்லை. அவள் மூக்கு தப்பாகச் சொல்லவில்லை. எதிரே இருந்ததை விட்டுவிட்டு, கிட்டத்தில் இருந்ததைச் சொல்லியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். நல்ல வெயில் நேரம். ஜன்னலோரம் முகக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, கையை டெட்டால் விட்டுக் கழுவிக்கொண்டு, இத்தனை மாதமும் கண்ணை மூடிக்கொண்டே தப்பித்து வந்த இடத்தை உற்றுப் பார்த்தாள். அந்தச் சின்ன ஓட்டையின் வாயில் மயிரிழைபோல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மயிர் என்றுதான் நினைத்தாள். நகத்தால் பிடித்து இழுத்தாள். அது வந்தது. மேலும் வந்தது. அது மயிரல்ல, நூல். நூலுக்குப் பின்னால் துணி. சாம்பலும் பச்சையுமாக நொதித்துப் போன நாடாத் துணி, உள்ளே எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்ததை விட்டு விட்டு, வழுக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. கூடவே சீழ் கொப்பளித்துக்கொண்டு மடியில் வழிந்தது. அறை முழுக்க நாற்றம்.

அதே நேரம் சாப்பாட்டுக்கு வந்த சின்னக்கருப்பன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். பார்த்தான். அப்படியே திரும்பி முற்றத்துக்கு ஓடி, துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

"இப்பத் தெரியுதா?" என்று உள்ளேயிருந்து அவள் கேட்டாள். குரலில் அழுகை இல்லை.

"தெரியுது" என்றான் அவன், வாயைத் துடைத்துக்கொண்டு. பிறகு அங்கேயே குந்தி உட்கார்ந்து, "எப்பவும் தெரிஞ்சுச்சு தங்கம்" என்றான்.

காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் அந்தத் துணியைப் போட்டு மூடினாள். இடத்தைக் கழுவி, சுத்தமான துணி வைத்துக் கட்டி, சேலை மாற்றிக்கொண்டு, அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனாள். சின்னக்கருப்பனும் கூட வந்தான். பாட்டில் இருந்த பையைத் தானே தூக்கி வருவதாகச் சொன்னான். அவள் கொடுக்கவில்லை.

டாக்டர் சீதாராமன் சிரித்தபடிதான் வரவேற்றார். அவள் உட்காரவில்லை. பாட்டிலை அவர் மேஜைமேல் வைத்து மூடியைத் திருகி எடுத்தாள். நர்ஸ் இரண்டடி பின்னால் போனாள். டாக்டரின் கை தன்னையறியாமல் மூக்குக்குப் போனது.

"கைய எடுங்க டாக்டர். நாத்தம் இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் கையை இறக்கினார். முகம் வெளுத்திருந்தது. "இருக்கு" என்றார்.

"இதுவும் எம் மனசுல இருந்துதான் வந்துச்சா?"

அவர் இடுக்கியால் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. "இது இங்க வச்ச துணிதான்" என்றார். "பள்ளம் மூடும்போது உள்ள நின்னுபோயிருக்கு. யார் விட்டாங்கன்னு எனக்குத் தெரியல." இடுக்கியைக் கீழே வைத்தார். அப்புறம் சின்னக்கருப்பன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "சார், நடந்தது நடந்துபோச்சு. நான் முழுசா சரி பண்ணிக் குடுத்துடறேன். வெளியில இதைப் பத்தி..."

"எங்கிட்டப் பேசுங்க டாக்டர்" என்றாள் தங்கப்பொண்ணு. "ஓட்டை எங்கிட்டல்ல இருக்கு?"

அவர் திரும்பி, வந்ததிலிருந்து முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தார். "நான் சொன்னது தப்பு" என்றார். "நீங்க சொன்னப்பவே நான் திறந்து பாத்திருக்கணும்."

அந்த வார்த்தை அவளுக்கு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வெளியில் சொல்லாதே என்று கெஞ்சிய வாயிலிருந்துதான் அதுவும் வந்தது. ஆனால் உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்ய வேறு யாரிடம் போவது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் மயக்கம் கொடுத்து, அந்த இடத்தை மறுபடி அகலமாகத் திறந்து கழுவினார்கள். மயக்கம் தெளிந்தபின் தினமும் மறுபடி துணி திணித்தார்கள். இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே போகிற ஒவ்வொரு துணியையும் ஒன்று, இரண்டு என்று சத்தமாகச் சொன்னாள். வெளியே வரும்போதும் சொன்னாள். பயிற்சிப் பெண் ஒருத்திக்குக் கோபம் வந்தது. ஒச்சாயிக்குச் சிரிப்பு வந்தது. ஒச்சாயி சுவரோரம் நின்றுகொண்டு தானும் கூடவே எண்ணினாள்.

ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது. பங்குனி முடிவதற்குள் புண் அடியிலிருந்து மேலே வந்து மூடிவிட்டது. நாற்றம் போய்விட்டது. ஒருநாள் காலையில் அடுப்பில் காப்பித்தூளின் வாசனை வந்தபோதுதான் அதை அவள் கவனித்தாள்.

மீதியிருந்த சதைத்துண்டு சுருங்கிக் கோணிப்போய், ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் குழியுமாக இருந்தது. இன்னொரு சின்ன ஆபரேஷன் செய்து உருவத்தைச் சரி செய்து தருகிறேன், எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். கடிதம் அவள் பெயருக்கே வந்திருந்தது. தங்கப்பொண்ணு அதைப் படித்துவிட்டுப் புருஷனிடம் கொடுத்தாள்.

"அன்னைக்குக் கையெழுத்துப் போட்டீங்கள்ல, யாருக்காகப் போட்டீங்க?"

சின்னக்கருப்பன் கடிதத்தை மடித்தான். "ஒனக்காகன்னுதான் நெனச்சேன்" என்றான். "எனக்காகவும்தான். மொட்டையாப் பாக்கணுமேன்னு பயந்துட்டேன்."

"இப்ப?"

"இப்ப எதப் பாத்தா என்ன? அந்தத் துணியப் பாத்தவன் நான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடிதத்துக்குப் பதில் எழுதினாள். வேண்டாம் என்ற ஒரு வார்த்தைக்கு ஒரு கார்டு போதுமானதாக இருந்தது.

அந்தச் சதைத்துண்டை அவள் விரும்பவில்லை. விரும்பப் பழகிக்கொண்டதாகவும் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. அரித்தால் முன்னால் சொறிய வேண்டியிருக்கும், சுகமோ முதுகில் தெரியும். கையைத் தூக்கினால் துள்ளுவதும் நிற்கவில்லை. கக்கத்துக் கட்டிகளை எடுத்த பக்கத்து வலது கை வருஷத்துக்கு வருஷம் வீங்கிக்கொண்டே வந்து, வளையல் ஏறாமல் போனது. குளிக்கும்போது அந்தப் பக்கம் சோப்புப் போட்ட கையைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வாள். அதை ஒரு குறையாகவும் நினைக்கவில்லை. பதிவேடு வேலையை மறுத்துவிட்டுக் கேன்களிடமே போனாள். மூடியை இடது கையால் தூக்கினாள். மாயக்காள் ஒருமுறை வீட்டுக்கு வந்து, "இப்ப நல்லா வாசமா இருக்க" என்றபோது, தங்கப்பொண்ணு காப்பி டம்ளரை அவள் முன்னால் வைத்துவிட்டு, "அப்ப நாறுனேன்னு சொல்லலியே மதினி" என்றாள். மாயக்காள் காப்பியைக் குடித்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

1988 ஆடியில் ஐந்தாவது வருஷச் சோதனைக்கு அதே ஆஸ்பத்திரிக்குப் போனாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. வெளியே பெஞ்சில் திருமங்கலத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மறுநாள் அவளுக்கு இதே ஆபரேஷன். தங்கப்பொண்ணின் வீங்கிய கையைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள்.

"எக்கா, முதுகுச் சதைய வச்சு மறுபடி செஞ்சு தாரோம்ங்குறாங்க. செஞ்சுக்கிறவா, வேணாமா?"

"அது நீதான் சொல்லணும். ஒம் புருஷனச் சொல்லவிடாத. நீ கேளு, நீ கையெழுத்துப் போடு."

"எப்புடி இருக்கும்?"

"எனக்கு அசிங்கமா இருக்கு. ஒனக்கு நல்லா வந்தாலும் வரும். எனக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கும்னு இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "ஆனா ஒண்ணு. உள்ள துணி வச்சாங்கன்னா எண்ணு. எடுக்கும்போதும் எண்ணு. சத்தமா எண்ணு. திட்டுவாங்க, திட்டிட்டுப் போறாங்க."

அந்தப் பெண் பயத்தோடு தலையாட்டினாள். தங்கப்பொண்ணு அவள் பெயரையும் கட்டில் நம்பரையும் கேட்டுக்கொண்டாள். வியாழக்கிழமை வார லீவு, வந்து பார்ப்பதாகச் சொன்னாள். சாயங்காலப் பால் வண்டி வந்துவிடும் நேரம். குடையை இடது கையில் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.